பூல் போட்டிகளைக் குறைந்த செலவில் நேரலை செய்வது எப்படி? மேசை விளக்கு முதல் பதிவுக் கோப்பு வரை

பூல் ஆட்டத்தை நேரலையில் பார்க்கிறவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: கியூ பால் (கியூ கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து) எங்கே நிற்கிறது, அடுத்து அடிக்க வேண்டிய பந்து எது, ஸ்கோர் என்ன. இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் 720பி படத்தைக்கூட மணிக்கணக்கில் பார்ப்பார்கள். இதில் ஒன்று தெரியவில்லை என்றாலும் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். விலை உயர்ந்த கேமராவால் அவர்களை நிறுத்தி வைக்க முடியாது.

அதனால் கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் மேசை வெளிச்சம், பிறகு கேமராவை அசையாமல் பிடிக்கும் ஸ்டாண்டு, அடுத்து கம்பி வழி இணையம், அதன்பின் மைக், எல்லாவற்றுக்கும் கடைசியில் கேமரா. பெரும்பாலானோர் கேமராவில் ஆரம்பித்துப் பணத்தைத் தீர்த்துவிட்டு, மங்கலான விளக்கின் கீழ் வைஃபையில் ஓட்டிப் பார்த்துச் சலித்துப் போகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கூடத்தில் எத்தனை மேசை இருந்தாலும் நேரலைக்கு ஒரே மேசைதான். இரண்டு மேசை என்றால் செலவு இரண்டு மடங்கு, ஆள் இரண்டு மடங்கு, தவறுகள் நான்கு மடங்கு. எந்த ஆட்டம் அந்த மேசைக்கு வரும் என்பதைப் போட்டி நடத்துகிறவரோடு முந்தைய நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நேரலைக்காகப் போட்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது. ஒருமுறை தாமதமானால் அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

எந்த அளவில் தொடங்கலாம்?

ஒன்றுமே வாங்காமல் தொடங்க ஒரு ஃபோன், ஒரு உயரமான ஸ்டாண்டு, ஒரு சார்ஜர் போதும். யூட்யூப் செயலியிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியிலிருந்து ஸ்ட்ரீம் கீ (யூட்யூப் உங்கள் சேனலுக்குத் தரும் ரகசியக் குறியீடு) வழியாக அனுப்புவதற்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே புதிய சேனல் என்றால் ஃபோனைக் கேமராவாக மட்டும் வைத்துக்கொண்டு லேப்டாப் வழியாக அனுப்புவதே சுலபம்.

அடுத்த அளவு, இந்த வழிகாட்டியின் மையமும் இதுதான்: ஒரு பழைய லேப்டாப், இரண்டு வெப்கேம் (அல்லது ஒரு பழைய கேம்கார்டரும் ஒரு வெப்கேமும்), ஒரு யுஎஸ்பி மைக், கேமராப் படங்களைச் சேர்த்து நேரலையாக அனுப்பும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோ. வார இறுதிப் போட்டிகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

படி 1: மேசை வெளிச்சம்

உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் உபகரண விதி, மேசையின் தளத்திலும் ரெயில்களிலும் (மேசையைச் சுற்றியுள்ள விளிம்புகள்) எந்த இடத்திலும் குறைந்தது 520 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்கிறது. ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஆறு பாக்கெட் ஓரங்களிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் நடுவில் 800, மூலையில் 250 என்று வந்தால் பிரச்சினை எங்கே என்று புரிந்துவிடும். கேமராவுக்கு மொத்த வெளிச்சத்தைவிட அது சீராக விழுவதே முக்கியம். மூலைகள் இருண்டிருந்தால் கறுப்பு 8-ம் ஊதா 4-ம் பாக்கெட்டின் நிழலில் கரைந்துவிடும்.

நடுவில் ஒரே குண்டு விளக்கோ மூன்று கூம்பு விளக்கோ தொங்கினால் இரண்டு சிக்கல்கள். பந்துகளின் நிழல் நீளமாக விழும். நேர் மேலே கேமரா வைக்க இடமும் இருக்காது. இதற்குச் சிறந்த தீர்வு, மேசையைச் சுற்றிச் செவ்வகச் சட்டம் போல எல்இடி டியூப்களைத் தொங்கவிடுவது. 9 அடி மேசைக்கு 4 அடி டியூப் ஆறு: நீளப் பக்கத்துக்கு இரண்டிரண்டு, குறுக்குப் பக்கத்துக்கு ஒவ்வொன்று. நடுவே காலியாக இருப்பதால் மேல்கேமரா அந்த இடைவெளி வழியே பார்க்கும். டியூப் வாங்கும்போது நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். மலிவான 70, 80 ரகங்களில் சிவப்பு 3-ஐயும் அரக்கு 7-ஐயும் பிரித்தறிவது பெரும்பாடு.

பந்துகளிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. தொலைக்காட்சிக்கென்று வரும் பந்துத் தொகுப்புகளில் 4 இளஞ்சிவப்பாகவும் 7 வெளிர் பழுப்பாகவும் இருக்கும். கூடத்தில் அப்படி ஒரு செட் இருந்தால் நேரலை மேசைக்குக் கேட்டு வாங்குங்கள். செலவே இல்லாமல் படத்தில் இவ்வளவு மாற்றம் தரும் வேறு காரியம் கிடையாது.

விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். பல டிம்மர்கள் எல்இடியை வேகமாக அணைத்து ஏற்றியே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் கேமராவில் படத்தின் மேல் பட்டை பட்டையாக ஓடும்.

படி 2: கேமரா நிற்கும் இடம்

ஒரே கேமரா என்றால் மேசையின் குறுக்குப் பக்கத்துக்குப் பின்னால், தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். ரெயிலிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால், தரையிலிருந்து 2.2 அல்லது 2.3 மீட்டர் உயரம் என்று ஆரம்பித்து, அங்கிருந்து சரிசெய்துகொள்ளலாம். இரண்டு குறுக்குப் பக்கங்களில் எது? ரேக் அடுக்கும் பக்கம், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பக்கம். அப்போது பிரேக் (அந்தப் பந்துகளைக் கலைக்கும் முதல் அடி) அடிப்பவர் கேமராவை நோக்கி நிற்பார். எதிர்ப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் அவர் முதுகுதான் தெரியும்.

தொங்கும் விளக்கு இங்கே குறுக்கே வரும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா 2.3 மீட்டரில் இருந்தால், தொலைவிலுள்ள ரெயிலை நோக்கும் பார்வைக் கோடு விளக்கின் முன் ஓரத்தைக் கடக்கும்போது ஏறக்குறைய 1.55 மீட்டரில் இருக்கும். எனவே பந்துகள் எல்லாம் தெரியும். ஆனால் அந்த ரெயிலுக்குப் பின்னால் நிற்கும் ஆட்டக்காரரின் முகம் விளக்குக்குப் பின்னால் மறைந்துவிடும். முகம் வேண்டும் என்று கேமராவை இறக்கினால் பந்துகள் ஒன்றையொன்று மறைக்கும். பந்தைத் தேர்ந்தெடுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். துளையிடுவதற்கு முன் ஃபோனை ஒரு குச்சியில் கட்டி அதே இடத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எல்லாக் கணக்கும் கண்முன் வந்துவிடும்.

இரண்டாவது கேமரா நேர் மேலே. 9 அடி மேசையின் ஆட்டப் பரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ரெயிலோடும் கொஞ்சம் ஓரத்தோடும் சேர்த்து 2.9 மீட்டர் அகலம் படத்துக்குள் வர வேண்டும். 78 டிகிரி மூலைவிட்டக் கோணம் கொண்ட வெப்கேமுக்கு மேசைத் தளத்திலிருந்து ஏறக்குறைய 2.05 மீட்டர் உயரம் தேவை. மேசைத் தளமே தரையிலிருந்து சுமார் 0.78 மீட்டர் என்பதால் கூரை 2.85 மீட்டருக்குக் குறையக் கூடாது. தாழ்ந்த கூரை என்றால் 90 டிகிரி கேமரா வாங்குங்கள்; 1.67 மீட்டர் போதும். 7 அடி மேசைக்கு 78 டிகிரி கேமராவே 1.65 மீட்டரில் மேசை முழுவதையும் பிடித்துவிடும். அதைவிட அகலமான ஆக்‌ஷன் கேமராக்களைத் தவிர்க்கலாம். ரெயில்கள் வில்லாக வளைந்து, நேராகப் போகும் பந்தும் வளைந்து போவதுபோல் தோன்றும்.

கேமராவை விளக்கின் சங்கிலியில் கட்டாதீர்கள். யாராவது கியூவால் விளக்கைத் தட்டினால் படம் இரண்டு நிமிடம் ஊஞ்சலாடும். மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எந்தச் சட்டத்திலும் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் படம் அதிரும். தரைக்கும் கூரைக்கும் இடையே இறுக்கி நிற்கும் கம்பம், அல்லது கூரை உத்தரத்தில் பிடிக்கும் கிளாம்பு நல்லது. எதில் மாட்டினாலும் கேமராவை ஒரு மெல்லிய இரும்புக் கம்பியால் தனியாகவும் கட்டுங்கள். கிளாம்பு நழுவினால் கேமரா விழுவது யாருடைய தலையிலாவதுதான். தரை ஸ்டாண்டு என்றால் மூன்று கால்களிலும் மணல் பை.

படி 3: கேமராவுக்குள் எல்லாவற்றையும் கையால் பூட்டுங்கள்

வெளிச்சமான துணி, இருண்ட சுற்றுப்புறம், குறுக்கே வரும் கறுப்புச் சட்டை. தானியங்கி அமைப்புகளைக் குழப்ப இதைவிட நல்ல காட்சி அமையாது. ஆட்டக்காரர் குனியும்போது படம் பளீரென்று வெளுக்கும், நிமிர்ந்ததும் இருளும். எனவே ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்போஷருக்கு அளவுகோல் கியூ பால். மேசையில் கியூ பாலையும் 9-ம் எண் பந்தையும் வைத்து, கியூ பாலின் உருண்டை வடிவம் தெரியும் வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். தட்டையான வெள்ளை வட்டமாகத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். அந்த நிலையில் பார்வையாளர் பகுதி இருண்டு கிடக்கும், கிடக்கட்டும்.

ஷட்டர் வேகத்தை மின்சாரத்தோடு பொருத்த வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120. விண்டோஸில் வெப்கேம் எக்ஸ்போஷர் -5, -6, -7 என்ற எண்களாக வரும். அவை முறையே 1/32, 1/64, 1/128 நொடி. இவற்றில் எதுவும் 1/50-க்கோ 1/100-க்கோ பொருந்தாததால் 50 ஹெர்ட்ஸ் விளக்கில் பட்டை ஓடலாம். ஓபிஎஸ்ஸில் கேமராவின் பண்புகளுக்குள் போய் வீடியோ அமைப்புப் பொத்தானை அழுத்தினால் திறக்கும் பெட்டியில், மின் அதிர்வெண் என்ற தேர்வை 50 என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குற்றம் விளக்கில். சிமிட்டல் இல்லாத டியூப் மாற்றுவதுதான் வழி. அதே பெட்டியில் குறைந்த வெளிச்ச ஈடுசெய்தல் என்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது நொடிக்கு 30 ஃபிரேமைச் சொல்லாமல் கொள்ளாமல் 15 ஆக்கிவிடும்.

பழைய கேம்கார்டர் பயன்படுத்தினால் வாங்குவதற்கு முன்பே மூன்று கேள்வி: எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தில் பேட்டரி, நேரம் போன்ற குறிகளை நீக்க முடியுமா? மின் இணைப்பில் நாள் முழுவதும் ஓடுமா? ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாக அணைந்துவிடுகிறதா? பல ஸ்டில் கேமராக்கள் 30 நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு நீண்ட ஆட்டத்துக்கு அது பாதிகூட வராது.

படி 4: கம்பிகளும் கேப்சர் கார்டும்

யுஎஸ்பி 2.0 கம்பி 5 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. யுஎஸ்பி 3.0 என்றால் 3 மீட்டரே அதிகம். தூரம் அதிகமானால் உள்ளே சிப் வைத்த நீட்டிப்புக் கம்பி வேண்டும். கேம்கார்டரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கம்பி 10 மீட்டர் வரை பொதுவாகத் தொந்தரவு தராது. எனவே நீளமான ஓட்டத்தை எச்டிஎம்ஐயில் வைத்து, கேப்சர் கார்டை (எச்டிஎம்ஐ படத்தை யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்குள் கொண்டுவரும் சிறு கருவி) லேப்டாப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மலிவான கேப்சர் கார்டுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலவற்றில் முனை நீல நிறத்தில் யுஎஸ்பி 3.0 போலவே இருக்கும். உள்ளே யுஎஸ்பி 2.0. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். சுருக்கப்படாத 1080பி படம் 30 ஃபிரேமில் நொடிக்கு ஏறக்குறைய 124 மெகாபைட் கேட்கும். அதனால்தான் ஓபிஎஸ்ஸில் சுருக்கப்படாத ஒய்யுஒய்2 வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் நொடிக்கு 5 ஃபிரேமில் தத்தித் தத்தி வருகிறது. பண்புகளில் வீடியோ வடிவத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் என்று மாற்றினால் அதே கார்டு 1080பி, 30 ஃபிரேம் தரும். கார்டு பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இந்த ஒரு தேர்வால்தான் வருகின்றன.

இரண்டு வெப்கேமையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். ஒன்று வேலை செய்யும், மற்றொன்று கறுப்பாக நிற்கும். லேப்டாப்பின் இருபக்க துளைகளிலும் ஆளுக்கொன்றாகச் செருகுங்கள்.

ஆட்டக்காரர் நடக்கும் வழியில் எந்தக் கம்பியும் தரையில் போகக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் துணி டேப்பால் நீளவாக்கில் முழுவதும் மூடி ஒட்டுங்கள்.

படி 5: லேப்டாப்பும் ஓபிஎஸ்ஸும்

இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் கொண்ட பழைய அலுவலக லேப்டாப் போதும். அதிலுள்ள குயிக் சிங்க் என்ற வன்பொருள் என்கோடரை (படத்தைச் சுருக்கி அனுப்பத் தயாராக்கும் பகுதி) ஓபிஎஸ்ஸில் தேர்ந்தெடுங்கள். என்விடியா சிப் இருந்தால் என்வென்க். எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரைப் பழைய லேப்டாப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் விசிறி அலறும், பிறகு படம் தடுமாறும்.

அமைப்புகள்:

- வெளியீடு 1080பி, 30 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 4500 கேபிபிஎஸ். இணையம் பலவீனமானால் 720பி, 30 ஃபிரேம், 3000.
- பிட்ரேட் கட்டுப்பாடு சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுமையாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி. பூஜ்யத்தில் விட்டுவிடாதீர்கள்.
- ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ்.
- நேரலையோடு சேர்த்து லேப்டாப்பிலும் பதிவு, எம்கேவி வடிவில். வழக்கமான எம்பி4 கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் முழுப் பதிவும் திறக்காது. எம்கேவி அதுவரை எழுதியதைக் காப்பாற்றும்.

1080பி எதற்கு என்றால், பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். மேல்கேமராவில் 2.9 மீட்டர் அகலம் திரை முழுவதும் பரவும்போது ஒரு பந்து 1080பியில் சுமார் 38 பிக்சல், 720பியில் 25 பிக்சல். 38-ல் கோடு போட்ட பந்தின் எண்ணை ஊகிக்கலாம். 25-ல் நிறத்தை மட்டுமே நம்ப வேண்டும். 60 ஃபிரேம் தேவையில்லை. பூலில் படம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். பிரேக் விழும் இரண்டு நொடிதான் விதிவிலக்கு. அதற்காக பிட்ரேட்டை இரட்டிப்பாக்குவது வீண்.

நான்கு காட்சிகள் அமைத்தால் போதும்: மூலையில் சிறிதாக மேல்கேமராவோடு குறுக்குக் கேமரா முழுத்திரையில், மேல்கேமரா மட்டும் முழுத்திரையில், இடைவேளை அட்டை, ‘சிறிது நேரத்தில் திரும்புகிறோம்’ அட்டை. ஒவ்வொன்றுக்கும் எஃப்1 முதல் எஃப்4 வரை குறுக்கு விசை கொடுங்கள். இருவரும் மாறி மாறித் தற்காப்பாக ஆடும்போது மேல்கேமராவுக்கு மாற்றினால் பந்துக்குப் பின்னால் பந்து மறைந்திருப்பது பார்வையாளருக்கு உடனே புரியும். இரண்டு கேமராவிலும் பிரேக் பக்கம் எது என்று தலை குழம்பாதபடி மேல்கேமரா படத்தை முன்பே திருப்பி வையுங்கள். ஆட்டத்தின் நடுவில் திருப்பாதீர்கள்.

மறு ஒளிபரப்பு வேண்டுமா? ஓபிஎஸ்ஸில் கடைசி நொடிகளை நினைவில் வைத்திருக்கும் ரீப்ளே பஃபரை 20 நொடிக்கு இயக்குங்கள். ஓபிஎஸ்ஸோடு கூடவே வரும் ஸ்கிரிப்ட்களில் இன்ஸ்டன்ட் ரீப்ளே என்று ஒன்று உண்டு. அதை ஒரு மீடியா மூலத்தோடு இணைத்தால் ஒரே விசையில் கடைசி அடி திரும்ப ஓடும். முதல் போட்டியில் இதைத் தொடாதீர்கள். ஸ்கோரை ஒழுங்காக மாற்றுவதே முதல் நாளில் போதிய வேலை.

படி 6: இணையம்

கூடத்தின் ரூட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பி இழுங்கள். காலையில் அருமையாக ஓடும் வைஃபை, மாலையில் நூறு ஃபோன்கள் உள்ளே வந்ததும் படுத்துவிடும். வேகச் சோதனையில் அப்லோடு எண்ணை மட்டும் பாருங்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில் மூன்று முறை சோதித்து, வந்ததில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் ஸ்ட்ரீமுக்கு ஒதுக்காதீர்கள். 4500 கேபிபிஎஸ் அனுப்ப வேண்டுமானால் அப்லோடு 9 அல்லது 10 மெகாபிட் நிலையாக இருக்க வேண்டும்.

ஃபோன் டேட்டாவில் அனுப்புவதானால் கணக்கு இது: 4500-ம் ஒலியும் சேர்ந்து மணிக்கு 2.1 ஜிபி. பத்து மணி நேரப் போட்டிக்கு 21 ஜிபி. 3000 என்றால் மணிக்கு 1.4 ஜிபி. பல திட்டங்களில் நாள் வரம்பு தாண்டியதும் வேகம் ஒரேயடியாக இறங்கிவிடும், அதுவும் அரையிறுதியில்தான் இறங்கும்.

ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட அமைப்புகளில், நெரிசலின்போது பிட்ரேட்டைத் தானாக மாற்றும் தேர்வை இயக்கி வையுங்கள். படம் சிறிது மங்கும், ஆனால் அறுந்துபோகாது.

படி 7: ஸ்கோர் பலகை

பெயர், ஸ்கோர், எத்தனை வரை ரேஸ் (ஜெயிக்க எத்தனை ஆட்டம் எடுக்க வேண்டும்), யார் பிரேக். இந்த நான்கும் எப்போதும் திரையில் இருக்க வேண்டும். எளிய வழி, நோட்பேடில் இரண்டு உரைக் கோப்பு வைத்து, ஓபிஎஸ் உரை மூலத்தைக் கோப்பிலிருந்து படிக்கச் சொல்வது. அதைவிட வசதி, ஓபிஎஸ் பயனர்கள் பூலுக்கென்றே செய்து இலவசமாகத் தரும் பலகைகள். பொத்தானை அழுத்தினால் ஸ்கோர் ஏறும். அமைப்பாளர் ஆட்ட அட்டவணையை கியூஸ்கோர், சாலஞ்ச் போன்ற தளங்களில் வைத்திருந்தால் அதன் இணைப்பை விவரப் பகுதியில் போடுங்கள்.

பலகையை எங்கே வைப்பது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். திரையின் அடியில் வைப்பார்கள். குறுக்குக் கேமராவில் அங்கேதான் அருகிலுள்ள இரண்டு மூலைப் பாக்கெட்டுகள் இருக்கும். பந்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் பார்க்கிறவர் தவிப்பார். கேமராவைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, ரெயிலுக்குக் கீழே 100 பிக்சல் தரை தெரியும்படி விட்டு, அந்தப் பட்டையில் பலகையை வையுங்கள்.

ஸ்கோர் மாற்றுவது ஒருவர் பொறுப்பு, எப்போதும் அவர் மட்டும். ‘யாராவது மாற்றுவார்கள்’ என்று விட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

படி 8: ஒலி

பந்து பந்தைத் தட்டும் ‘டக்’, பாக்கெட்டில் விழும் ‘தடக்’ இரண்டும் இல்லாத பூல் நேரலை ஊமைப்படம். வெப்கேமின் மைக்கே இதற்கு ஓரளவு போதும். அதன் மேல் ஓபிஎஸ்ஸின் இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போடாதீர்கள். அது பந்தின் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். வர்ணனை மைக்குக்குப் போடலாம்.

வர்ணனைக்கு மைக் பொருத்திய யுஎஸ்பி ஹெட்செட் சிறந்தது. வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது, கூடத்தின் சத்தமும் குறைவாக நுழையும். குரல் -12 முதல் -6 டெசிபலுக்குள், கூட ஒலி -25 அளவில். வர்ணனையாளரை மேசையிலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு அறையில் உட்கார வையுங்கள். அடிக்கப் போகும் நேரத்தில் ‘இதைத் தவறவிடுவார்’ என்று காதில் விழுந்தால் ஆட்டக்காரர் சும்மா இருக்க மாட்டார், அது நியாயமும்கூட. அவருக்கு ஓபிஎஸ்ஸின் முன்னோட்டத் திரையைக் காட்டுங்கள். யூட்யூப் பக்கத்தைக் காட்டினால் பல நொடி பின்தங்கிப் பேசுவார்.

ஒலியும் படமும் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பிரேக்கைப் பதிவு செய்து ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டுங்கள். கேப்சர் கார்டு வழியாக வரும் படம் பொதுவாகத் தாமதமாகும். சத்தம் மூன்று ஃபிரேம் முந்தி வந்தால், 30 ஃபிரேம் கணக்கில் 100 மில்லிநொடி. அதை மேம்பட்ட ஒலிப் பண்புகளில் ஒத்திசைவு என்ற கட்டத்தில் எழுதினால் சரியாகிவிடும்.

கூடத்தின் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது அந்த ஸ்பீக்கரை மட்டுமாவது. யூட்யூபின் உரிமைக் கண்காணிப்பு பின்னணிப் பாட்டையும் கண்டுபிடிக்கும். நேரலையே இடையில் நிறுத்தப்படலாம்.

படி 9: சேனலும் அனுமதியும்

யூட்யூபில் நேரலையை முதன்முறை இயக்க ஃபோன் எண் சரிபார்ப்பும், அதன்பின் 24 மணி நேரம் வரை காத்திருப்பும் உண்டு. போட்டி நாள் காலையில் பொத்தானைத் தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக்கில் நேரலைப் பதிவுகள் 30 நாளுக்குப் பின் நீக்கப்படும் என்பதால் பதிவு நிலைக்க வேண்டுமானால் யூட்யூபையே முதன்மையாக வையுங்கள். அங்கே 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலை தானாகச் சேமிக்கப்படும். அதைத் தாண்டும் நாள் என்றால் இடைவேளையில் நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள்.

கூட உரிமையாளரிடமும் அமைப்பாளரிடமும் முன்அனுமதி, வாசலில் ‘இங்கே நேரலை நடக்கிறது’ என்ற அறிவிப்பு, 18 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரருக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம். ஆட்டத்தின் மேல் யாராவது பந்தயம் கட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு மைக்கில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி நாள்

முதல் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். லேப்டாப் தூங்கும் அமைப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு, அறிவிப்பு ஒலிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். பட்டியலில் காட்டாத நேரலை ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டி, வேறொரு ஃபோனில், கூடத்து வைஃபை அல்லாத இணையத்தில் பாருங்கள். அந்த ஃபோனில் ஸ்கோர் எழுத்து படிக்க முடிகிறதா என்பதே கடைசிச் சோதனை; பார்க்கிறவர்களில் பலர் கையில் ஃபோன்தான் இருக்கும்.

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரூட்டருக்கு இல்லை. சிறிய யுபிஎஸ் ஒன்றை ரூட்டருக்குக் கொடுங்கள்.

தடுமாறினால் எங்கே பார்ப்பது?

ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பலகத்தைத் திறந்தே வையுங்கள். அதில் மூன்று விதமான இழப்பு தனித்தனியாகத் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நெட்வொர்க்கில் விடுபட்ட ஃபிரேம்கள் ஏறினால் இணையம் தள்ளாடுகிறது. பிட்ரேட்டை ஆயிரம் குறையுங்கள். என்கோடிங் தாமதத்தால் விடுபட்டவை ஏறினால் லேப்டாப்பின் என்கோடர் திணறுகிறது: வன்பொருள் என்கோடர்தான் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு 720பிக்கு இறங்குங்கள். ரெண்டரிங் தாமதம் என்றால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை அதிகம். பிரவுசர் தாவல்களை மூடுங்கள், தேவையில்லாத மூலங்களை நீக்குங்கள். இணையம் கெட்டிருக்கும்போது லேப்டாப்பை மாற்றுவதும், லேப்டாப் திணறும்போது இணைய நிறுவனத்தைத் திட்டுவதும் இந்தப் பலகத்தைப் பார்க்காததன் பலன்.

ஃபோன் கேமரா இரண்டு மணி நேரத்தில் மங்கினாலோ நின்றாலோ சூடு காரணம். உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, வேகமில்லாத சார்ஜரில் மாற்றுங்கள். அழைப்புகளைத் தடுக்கும் நிலையில் வைக்க மறந்தால் யாரோ ஒருவர் இறுதி ஆட்டத்தில்தான் கூப்பிடுவார்.

படம் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது சரிசெய்வதல்ல, எஃப்4. அட்டையைப் போட்டுவிட்டுப் பிறகு நிதானமாகத் தேடுங்கள். லேப்டாப்பில் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள், இணையம் திரும்பவே வராவிட்டாலும் ஆட்டத்தை இரவு ஏற்றிவிடலாம்.

முடிந்த பிறகு

ஓபிஎஸ்ஸிலேயே உள்ள ரீமக்ஸ் வசதியால் எம்கேவியை எம்பி4 ஆக்குங்கள். தரம் குறையாது, நிமிடங்களில் முடியும். யூட்யூப் விவரப் பகுதியில் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் நேரத்தை எழுதுங்கள். முதல் வரி 0:00 என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும்; அப்போதுதான் அத்தியாயங்களாகப் பிரியும். ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள், சேனல் வளர்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

கழற்றுவதற்கு முன் ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடத்தைத் தரையில் சிறு டேப் துண்டால் குறியுங்கள். கேமரா உயரம், எக்ஸ்போஷர் எண், ஒலி ஒத்திசைவு எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி லேப்டாப் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஓபிஎஸ்ஸின் காட்சித் தொகுப்பையும் ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அடுத்த மாதப் போட்டிக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் எழுந்து நிற்கும்.